டாக்டர் திருமூர்த்தியின் இடது கை

டாக்டர் திருமூர்த்தி தமது முப்பத்தோரு வருஷப் பணிக்காலத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்கு வலி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கோயமுத்தூரில் தொழிலாளர் காய நிவாரண வாரியம் என்று ஒன்று இருந்தது. ஆலையிலோ பட்டறையிலோ அடிபட்டவர்கள் அங்கே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் வலிக்கிறது என்று அவர்கள் சொன்னால், அது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்லும் மருத்துவ மதிப்பீட்டாளர் அவர். அதற்கென்று சில வழிகள் வைத்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே பேனாவைக் கீழே தவறவிடுவார். முதுகு குனிய முடியவில்லை என்று வந்தவர் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது கதை. அவர் அறை ஜன்னலிலிருந்து பஸ் நிறுத்தம் தெரியும். கால் இழுக்கிறது என்று சொன்னவர் பஸ்ஸைப் பிடிக்க எப்படி ஓடுகிறார் என்று பார்த்துவிட்டு, மேஜைக்குத் திரும்பி ஒரே ஒரு வரி எழுதுவார்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. கையூட்டு வாங்கியதில்லை. யாரையும் அதட்டியதில்லை. வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். நிஜமாகவே அடிபட்டவனுக்குப் போய்ச் சேர வேண்டியதைப் பொய்யன் தட்டிக்கொண்டு போகாமல் காவல் காப்பதாகத்தான் அவர் மனசார நம்பினார். ஓய்வு பெற்ற நாளில், அவரிடம் தொழில் கற்ற டாக்டர் இளங்கோ, "சாரோட கண்ணுக்கு முன்னாடி ஸ்கேன் மெஷினெல்லாம் சும்மா" என்று பேசியபோது அரங்கமே கை தட்டியது.

அடுத்த வருஷம், மெட்ரோ ரயில் முதன்முதலாக உக்கடம் வரை ஓடிய வாரத்தில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவருடைய இடது பக்கம் செத்தது. பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது. இரண்டு மாதத்தில் நடையும் வந்தது, பேச்சும் வந்தது. மூளையின் ஆழத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஓரிடம் மட்டும் செத்துப்போயிருப்பதாக ஸ்கேனைக் காட்டிச் சொன்னார்கள். அவ்வளவுதானே என்று அவரும் நினைத்தார்.

நான்காம் மாதம் இடது கையில் வலி ஆரம்பித்தது.

அது என்ன மாதிரி வலி என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஐஸ் கட்டிக்குள் கையை வைத்து, அந்த ஐஸுக்கு யாரோ தீ வைத்தது போலிருந்தது. ஃபேன் காற்று பட்டால் எரிந்தது. சட்டைக் கை உரசினால் தோலை உரித்தது போலிருந்தது. ஆனால் பார்வைக்குக் கை நன்றாக இருந்தது. சிவக்கவில்லை, வீங்கவில்லை, விரல்கள் எல்லாம் மடங்கின. இடது கையை வலது கையால் ஏந்தி, எதுவும் பட்டுவிடாமல் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்தார்.

மாத்திரைகள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்று உடம்பில் உப்பை இறக்கியது. இன்னொன்று தலைசுற்றிக் கீழே தள்ளியது. இனி மாத்திரை வேண்டாம், வேறு வழி பார்க்கலாம் என்று மருத்துவர்களே கைவிரித்துவிட்டு, வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே சிகிச்சை கொடுத்தவர் எஸ்தர் என்ற நாகர்கோவில் பெண். முப்பது வயசுக்குள்தான் இருக்கும். கண்ணாடியை நடுவில் வைத்து, அதில் தெரியும் வலது கையை இடது கை என்று மூளைக்குப் பொய் சொல்லிப் பார்த்தார். பஞ்சு, வெல்வெட்டு, சாக்குத் துணி என்று வரிசையாகத் தேய்த்துத் தோலைப் பழக்கிப் பார்த்தார். தலையில் காந்தம் வைத்தார். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் கொஞ்சம் கேட்டது. எதுவும் போதவில்லை.

"சார், ஜோடி மெஷின் வந்திருக்கு. பார்க்கலாமா?" என்றார் எஸ்தர் ஒருநாள்.

அதற்கு நீளமாக ஒரு மருத்துவப் பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்வதில்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், இரண்டு தொப்பிகள், பக்கத்தில் எண் காட்டும் ஒரு திரை.

"உங்க கையில ஒண்ணுமே இல்ல சார். மூளைக்குள்ள ஒரு காலிங் பெல் அடிச்சுக்கிட்டே இருக்கு. வாசலுக்கு யாராவது வந்து 'கேட்டுது'ன்னு சொல்ற வரைக்கும் அது நிக்காது. இந்த மெஷின் அதைத்தான் செய்யுது. ஒரு நாற்காலியில நீங்க, இன்னொண்ணுல உங்க துணையாள். உங்க வலியை அவங்க பார்த்து, நம்பினா, அவங்க மூளையில ஒரு அலை வரும். மெஷின் அதை எடுத்துக் காந்தம் வழியா உங்களுக்கு அனுப்பும். பெல் நின்னுரும்."

"அலைதானே? பதிவு பண்ணி வெச்சுப் போட வேண்டியதுதானே?"

"போட்டுப் பார்த்தாங்க சார். ரெண்டு நாள் வேலை செஞ்சது. மூணாம் நாள் மூளை கண்டுபிடிச்சிருச்சு. நிஜ ஆள் எதிர்ல உட்கார்ந்து நிஜமா நம்பணும். திரையில நூத்துக்கு அறுபது வந்தாத்தான் வலி குறையும்."

திருமூர்த்தி சிரித்தேவிட்டார். துணைக்கு ஆள் தேட வேண்டுமா என்ன? பக்கத்திலேயே மனைவி லோகநாயகி நின்றுகொண்டிருந்தார். ஏழு மாதமாக அவரைக் குளிப்பாட்டி, சோறு பிசைந்து கொடுத்து, ஃபேன் இல்லாத அறையில் கூடவே வெந்துகொண்டிருப்பவர்.

லோகநாயகி தொப்பியைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். எஸ்தர் மெல்லிய தூரிகையால் திருமூர்த்தியின் இடது கையைத் தடவினார். திருமூர்த்தி பல்லைக் கடித்தார், கண்ணில் நீர் வந்தது. லோகநாயகியின் கண்ணிலும் நீர் வந்தது.

திரையில் பதினொன்று என்று வந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சுங்களா?" என்றார் லோகநாயகி.

எஸ்தர் தொப்பியைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார். இந்த முறை பத்து. ஓசூரிலிருந்து மகன் வந்தபோது அவனையும் உட்கார வைத்தார்கள். பத்தொன்பது வந்து, அவனுடைய ஃபோன் அதிர்ந்ததும் எட்டுக்கு இறங்கியது.

அன்று ஆட்டோவில் வீடு திரும்பும்போது திருமூர்த்தி கேட்டார்: "நான் நடிக்கறேன்னு நெனைக்கறயா, லோகு?"

"அப்படி நான் சொன்னனுங்களா?"

"நீ சொல்லல. மெஷின் சொல்லுது."

லோகநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. சாப்பிட ஒக்காந்தா முப்பது வருசமா நீங்க என்ன பேசினீங்க? இன்னைக்கு ஒருத்தன் முதுகப் புடிச்சுட்டு வந்தான், பேனாவப் போட்டேன், குனிஞ்சு எடுத்தான். இன்னைக்கு ஒருத்தி கால இழுத்துட்டு வந்தா, வாசலத் தாண்டினதும் நேரா நடந்தா. நானும் சிரிச்சுட்டே கேட்டுட்டு இருந்தேன். இப்ப நீங்க கையத் தூக்கிப் புடிச்சுட்டு வாரப்ப, பாவமாத்தானுங்க இருக்குது, அழுகாச்சி வருது. ஆனா என்ற கண்ணு அதுபாட்டுக்கு அந்தப் பேனாவத் தேடுதுங்க. நேத்து டி.வி. பார்க்கையில கையக் கீழ வெச்சிருந்தாரே, அப்ப நோகலையான்னு கேக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?"

தம்முடைய மாணவர்களிலேயே மிகச் சிறந்தவர் யார் என்று திருமூர்த்திக்கு அன்றுதான் தெரிந்தது.

வீட்டில் துணை கிடைக்காதவர்களுக்காக ஆஸ்பத்திரியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்காக வந்து உட்காரச் சம்மதித்தவர்களின் பட்டியல். அவர்களில் பெரும்பாலோர் தாங்களே வலிக்காரர்கள். அந்தப் பட்டியலிலிருந்து எஸ்தர் நான்கு பேரைக் கூப்பிட்டுப் பார்த்தார், நாற்பதைத் தாண்டவில்லை. ஐந்தாவதாக வந்தவர் துளசிமணி.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, மடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்திருந்தார். வந்தார், கும்பிடவில்லை, பெயர் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, திருமூர்த்தியின் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்தார். எஸ்தர் தூரிகையை எடுத்துக் கையில் வைத்ததும் திருமூர்த்தி துடித்தார். துளசிமணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

திரையில் எண்பத்து மூன்று.

நாள் முழுக்கக் கிரைண்டர் ஓடும் வீட்டில் அதை நிறுத்திய பிறகுதான் அது எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரியும். திருமூர்த்திக்கு அப்படித்தான் இருந்தது. வலி ஆரம்பித்த பிறகு முதன்முறையாக இடது கை வெறும் கையாக மடியில் கிடந்தது. அதை அவர் வலது கையால் தொட்டுப் பார்த்தார், தடவினார், தட்டினார். பிறகு குழந்தை போல அழுதார்.

"யாரு பெத்த மகளோ, மகராசியா இருக்கோணும்" என்றார்.

"செவ்வாக்கெழமை வாரனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துளசிமணி எழுந்து போனார்.

ஒருமுறை உட்கார்ந்தால் மூன்று நாள் தாங்கியது. வாரத்துக்கு இரண்டு முறை. வீட்டில் ஃபேன் ஓட ஆரம்பித்தது. திருமூர்த்தி முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைவீதிக்குப் போய் வந்தார். துளசிமணி ஒவ்வொரு முறையும் வந்து, பார்த்து, போனார். துணையாக உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்களுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்காது என்று எஸ்தர் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது திருமூர்த்திக்கு உறுத்தியது.

"அவங்களுக்கு நான் ஏதாச்சும் செய்யணும், எஸ்தர்."

"அவங்களும் பேஷன்ட்தான் சார். வலது கை. கிரைண்டர் கம்பெனியில பிரஸ்ல மாட்டி நசுங்கினது. புண் ஆறிருச்சு, எரிச்சல் மட்டும் பதினோரு வருஷமா நிக்கல. பன்னிரண்டு தடவை துணையா உட்கார்ந்தா அவங்களுக்கும் மெஷின்ல இடம் கொடுக்கிறோம். அவங்க எத்தனையோ பேருக்கு உட்கார்ந்துட்டாங்க. ஆனா அவங்களுக்குத் துணை அமையல. வர்றவங்க ஃபைலைப் படிச்சிட்டு உட்காருவாங்க, நம்பர் இருபதைத் தாண்ட மாட்டேங்குது."

"ஏன்? ஃபைல்ல என்ன இருக்கு?"

எஸ்தர் தயங்கினார். "நீங்க கேட்டா ஃபைலைக் காட்டுங்கன்னு அந்தம்மாவே சொல்லி வெச்சிருக்காங்க சார்."

முதல் பக்கத்தில் வாரியத்தின் முத்திரை. அதற்குக் கீழே தெளிவான, சாய்வான, அவருக்கு மிகவும் பழக்கமான கையெழுத்து. 'வலது கையை நாடகத்தனமாக ஏந்திப் பிடிக்கிறார். கவனம் வேறு பக்கம் திரும்பும்போது பிடி தளர்கிறது. வலி இருப்பதற்கு ஆதாரமில்லை. நடிப்பு எனக் கருதுகிறேன்.'

திருமூர்த்தி குனிந்து தம்மைப் பார்த்துக்கொண்டார். அன்று சிகிச்சை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இடது கையை வலது கையால் நெஞ்சுக்கு முன்னால் ஏந்திப் பிடித்திருந்தார்.

துளசிமணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டி வைத்திருந்தது வெறும் துண்டல்ல, துண்டுக்குள் ஒரு கை இருக்கிறது என்பதைத் திருமூர்த்தி அப்போதுதான் பார்த்தார். பதினாறு முறை எதிரில் உட்கார்ந்தும், ஸ்கேன் மெஷினைத் தோற்கடித்த கண்ணுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

"நான் யாருன்னு தெரிஞ்சேதான் வந்தீங்களா, அம்மிணி?"

"தெரியாமயாங்க? துணை வேணும்னு கேட்டவங்க பட்டியல்ல உங்க பேரப் பார்த்ததும், நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"பார்க்கறதுக்குங்க" என்றார் துளசிமணி, எந்த ஒளிவுமறைவும் இல்லாமல். "நோவுன்னா என்னன்னு இந்த மனுசன் படறதக் கண்ணாரப் பார்க்கோணும்னு வந்தேன். நல்லா அனுபவிக்கட்டும்னு வந்தேன். ஒக்காந்து பார்த்தேன். சந்தோசமா இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. நிமுந்து பார்த்தா எண்பத்து மூணுன்னு காட்டிட்டு இருக்குது."

திருமூர்த்தி எஸ்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுக்கு அன்பெல்லாம் வேண்டியதில்லை சார்" என்றார் எஸ்தர் மெதுவாக. "நம்பினாப் போதும்."

"மூணாவது வாரமே சந்தோசம் போயிருச்சுங்க" என்றார் துளசிமணி. "நம்பரு மட்டும் போக மாட்டேங்குது. என்ன பண்றது?"

"உங்க வீட்டுல யாரும் இல்லையா, துணைக்கு உட்கார?"

"அக்கா இருக்குது, மருமகன் இருக்கறான். நீங்க எழுதிக் குடுத்த காகிதத்த எல்லாரும் படிச்சுப்போட்டாங்களேங்க."

அன்று மாலையே திருமூர்த்தி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். பதினோரு வருஷத்துக்கு முன் தாம் கொடுத்த அறிக்கை தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன், துளசிமணியின் கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தை நீக்குங்கள் என்று. அப்படி ஒரு கடிதம் அவர் வாழ்நாளில் எழுதியதில்லை. மூன்று முறை கிழித்து எழுதினார்.

பதிலுக்கு டாக்டர் இளங்கோவே நேரில் வந்தார். இப்போது அவர்தான் வாரியத்தின் தலைமை மதிப்பீட்டாளர். பழங்கள் வாங்கி வந்திருந்தார்.

"சார், ஓய்வு பெற்றவர் தீர்ப்பை மாத்தறதுக்கு ரூல்ல இடமில்ல. ஆனா ஒரு வழி இருக்கு. அந்த ஜோடி மெஷினை நாங்களும் வாரியத்துல வைக்கப் போறோம். விண்ணப்பம் போட்டவங்க தலையில ஒரு தொப்பி, மதிப்பீட்டாளர் தலையில ஒரு தொப்பி. அறுபது வந்தா வலி நிஜம். வரலைன்னா இல்ல. வாக்குவாதமே கிடையாது. அடுத்த வாரம் கமிட்டி முன்னாடி செய்முறை விளக்கம். நீங்களே உட்காருங்க சார், அந்தம்மாவை வெச்சு. நம்பர் வந்துட்டா அந்த நிமிஷமே அறிக்கையைத் திருத்திடறோம்."

எஸ்தருக்கு இது பிடிக்கவில்லை. "சார், இது வலியை அளக்கிற மெஷின் இல்ல. எதிர்ல உட்கார்ந்து பார்க்கிறவரைத்தான் அளக்குது. உங்களுக்கு வராமப் போயிட்டா?"

"எனக்கா?" என்றார் திருமூர்த்தி. "இந்த எரிச்சலைப் பத்தி எனக்குத் தெரியாதது என்ன இருக்கு, எஸ்தர்? அதே வலி! கோயமுத்தூர்லயே இந்தம்மாவை முழுசா நம்பக்கூடிய ஒரே ஆள் நான்தான்."

அது எஸ்தருக்கும் நியாயமாகத்தான் பட்டது. துளசிமணியிடம் கேட்டபோது, சரி என்றார்.

கமிட்டி அறை குளிர்ச்சியாக இருந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் தலைவரும் நான்கு உறுப்பினர்களும். கணவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்த லோகநாயகி சுவர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். துளசிமணியை வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். துண்டை அவிழ்த்து, வலது கையால் பேனாவைப் பிடித்து, போட்டார்.

தொப்பிகள் மாட்டப்பட்டன. எஸ்தர் தூரிகையைத் துளசிமணியின் கையில் வைத்தார். துளசிமணி கண்ணை இறுக மூடினார்.

இந்தப் பெண்ணுக்கு வலிக்கிறது, என்று திருமூர்த்தி தமக்குள் சொன்னார். எனக்கு எரிவது போலவே எரிகிறது. நான் எழுதியது பொய். எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் கண் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அது முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலையைப் பார்த்தது. பேனாவைப் பிடித்தாளே, விரல் நடுங்கவில்லையே, என்றது. பதினோரு வருஷம் உபயோகிக்காத கை என்றால் கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருக்க வேண்டுமே, வற்றவில்லையே. தூரிகை மணிக்கட்டுக்குப் போவதற்கு முன்பே முகம் சுளித்துவிட்டதே. திருமூர்த்தி தலையை உதறினார். வேண்டாம், பார்க்காதே என்றார். கண் பார்த்தது. போகிற பாதையில் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டே போனது.

திரையில் ஒன்பது.

கமிட்டி உறுப்பினர்கள் திரையை எட்டிப் பார்த்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார். "அதாவது... பதினோரு வருஷம் முன்னாடி, எந்த மெஷினும் இல்லாம, டாக்டர் இதே முடிவைத்தான் எழுதியிருக்கார். இல்லையா?"

"ஆமா சார்" என்றார் இளங்கோ. "அதுதான் திருமூர்த்தி சார்!"

ஓர் உறுப்பினர் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள்.

"நிறுத்துங்க!" திருமூர்த்தி எழுந்துவிட்டார். தொப்பியின் ஒயர் இழுத்தது. "தப்பு. அவங்களுக்கு வலிக்குது. எனக்குத் தெரியும்!"

"உங்க பெருந்தன்மை எங்களுக்குப் புரியுது, டாக்டர்" என்றார் தலைவர். "அந்தம்மா உங்களுக்கு உதவி பண்ணியிருக்காங்க. அந்த நன்றியையும் மீறி உங்க மூளை நேர்மையா இருந்திருக்கே, அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்."

"இளங்கோ, அந்தத் தொப்பியை நீ போடு. எதிர்ல நான் உட்கார்றேன். எனக்குச் சிகிச்சை எடுத்து நாலு நாளாச்சு, கை எரியுது. பார்த்துச் சொல்லு."

இளங்கோ மறுக்க முடியாமல் உட்கார்ந்தார். எஸ்தர் திருமூர்த்தியின் கையைத் தடவினார். திருமூர்த்தி வாய்விட்டு அலறினார். அப்படி அலறுவதில் அவருக்கு வெட்கமே இருக்கவில்லை. திரையில் பதினான்கு.

"இப்ப சொல்லு. நான் நடிக்கறனா?"

இளங்கோவின் முகம் சிவந்தது. ஆனால் பதில் தயாராகத்தான் இருந்தது. "சேச்சே, உங்க கேஸ் வேறங்க சார். உங்களுக்குத்தான் ஸ்கேன் இருக்கே."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆறு மாதத்துக்குள் வாரியத்தின் எல்லாக் கிளைகளிலும் ஜோடி மெஷின் வைக்க உத்தரவாயிற்று. அதன் கையேட்டில் முதல் உதாரணமாகத் துளசிமணியின் கேஸ், பெயர் குறிப்பிடாமல், சேர்க்கப்பட்டது. மதிப்பீட்டாளர் பெயர் மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தது.

கமிட்டி முடிந்து வெளியே வந்தபோது திருமூர்த்தி துளசிமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. "இனிமே நீங்க எனக்காக வர வேண்டாம், அம்மிணி" என்றார்.

"நான் வராட்டி உங்களுக்கு எரியுமேங்க" என்றார் துளசிமணி. துண்டை மறுபடி கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஒற்றைக் கையால் சுற்றச் சிரமமாக இருந்தது. லோகநாயகி போய்த் துண்டின் நுனியைப் பிடித்துக்கொடுத்தார்.

"இன்னுமா உங்களுக்கு என் மேல நம்பிக்கை இருக்குது?"

"நம்பறதும் நம்பாததும் நம்ம இஷ்டத்துலயாங்க இருக்குது? இருந்தா அன்னைக்கே எட்டு, ஒம்போதுன்னு காட்ட வெச்சுட்டுப் போயிருப்பனே."

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். எண்பத்து மூன்று வந்தது. அன்று முதல் ஒவ்வொரு சிகிச்சையும் முடிந்ததும் திருமூர்த்தி நாற்காலி மாறி உட்கார்ந்து, துளசிமணிக்காகத் தொப்பி போட்டுப் பார்த்தார். ஒன்பது, பத்து, எட்டு, பத்து. குற்ற உணர்ச்சியில் கண் கலங்க உட்கார்ந்திருந்தபோதும் பத்து. "அது வேற அலை சார், இதுல ஏறாது" என்றார் எஸ்தர்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை, திருமூர்த்தி தோற்று எழுந்து வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, லோகநாயகி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நான் ஒருக்கா ஒக்காந்து பார்க்கட்டுங்களா, எஸ்தரு?"

"ஃபைல் படிக்கணும்மா, ரூல்."

"எல்லாம் படிச்சாச்சு கண்ணு. எழுதினவரே வீட்டுல இருக்கறாரு."

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து திருமூர்த்தி பார்த்தார். லோகநாயகி எதிரில் உட்கார்ந்தார். எஸ்தர் தூரிகையை வைத்தார். துளசிமணியின் உதடு கோணியது. லோகநாயகி முன்னால் சாய்ந்து ஏதோ கேட்டார். துளசிமணி ஏதோ சொன்னார். திரையில் எண் இருபது, முப்பத்தெட்டு என்று ஏறியது. ஐம்பதில் கொஞ்சம் நின்றது. எழுபத்தொன்றில் போய் உட்கார்ந்தது.

துளசிமணி கண்ணைத் திறந்தார். தம் வலது கையை யாருடையதோ போலப் பார்த்தார். மெல்ல அதைக் கொண்டுபோய் நாற்காலியின் குளிர்ந்த இரும்புக் கைப்பிடி மேல் வைத்தார். வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. எஸ்தர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

திருமூர்த்தியின் நெஞ்சில் சந்தோஷம் பொங்கியது. அதற்கடியில், கூர்மையாக, வேறொன்றும் குத்தியது. எழுபத்தொன்று! தாலி கட்டிய புருஷனுக்குப் பதினொன்று.

லோகநாயகி வெளியே வந்தபோது கண்ணும் மூக்கும் சிவந்திருந்தன. இரண்டு அடி வைத்ததும் தளர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, அந்தம்மாளோட கை எப்படி எரியுதுன்னு தெரியுங்களா? எலும்புக்குள்ள நெருப்புக் கங்க வெச்சுத் தெச்ச மாதிரி. பச்சத் தண்ணி பட்டாக்கூடச் சுடுதாமா. ஒருத்தரு நம்பலையாமா, பதினோரு வருசமா ஒருத்தரு! எப்படித்தான் பொறுத்துட்டு இருந்தாளோ!"

"தெரியும், லோகு" என்றார் திருமூர்த்தி.

"அட, உங்களுக்கு எங்கீங்க அதெல்லாம் தெரியப்போகுது" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே லோகநாயகி எழுந்தார். "வாங்க, போலாம், மழ வாராப்பல இருக்குது" என்று அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அன்று துளசிமணி அவருக்காக உட்கார்ந்து எண்பத்து மூன்று வந்திருந்த நாள். அதனால் வலிக்கவில்லை. ஆனாலும் திருமூர்த்தி பழக்கத்தில் முகத்தைச் சுளித்தார்.

லோகநாயகி அதைப் பார்த்தார்.